0.05 மில்லிமீட்டர் – கடிதமும் பதிலும்

அன்பின் ஐயா,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம். கட்டுபெத்தவில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு மூன்று வருடம் ஒரு கம்பனியில் வேலை செய்தேன். போன வருடம் அதை விட்டு, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் ஒரு பரிசோதனைக்கு வடிவமைப்புப் பொறியியலாளராகச் சேர்ந்தேன். ஒரு வெற்றிடக் கலமும் அதற்குள் கருவிகளைத் தாங்கும் சட்டமும் செய்து கொடுப்பது என் பொறுப்பு.

மிகுந்த ஆசையோடுதான் சேர்ந்தேன். இப்போது ஒவ்வொரு நாளும் சோர்ந்துபோய் வீட்டுக்கு வருகிறேன். கூட்டங்களில் எல்லோரும் சமன்பாடு பேசுகிறார்கள். நான் வெறும் படம் போடுகிறவள்தான். போன மாதம் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொன்ன வரியிலும் ‘தொழில்நுட்ப உதவியாளர்கள்’ என்று மட்டும் இருந்தது. சொந்தக்காரர்கள் ‘பௌதிகம் படித்தவர்களுக்கு நடுவில் உனக்கென்ன வேலை’ என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. கலத்தின் மூடித் தட்டை மருதானைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தோம். அலுமினியம், 400 மி.மீ. விட்டம், 20 மி.மீ. தடிப்பு. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எல்லா அளவுக்கும் ±0.01 என்று தெளிவாகப் போட்டிருந்தேன். வந்த தட்டை எங்கள் ஆய்வுகூடத்தில் அளந்தால் விட்டம் 0.05 குறைவு. கேட்டால், ‘அளந்துதானே கொடுத்தேன்’ என்று அதைக் கடைந்த பாஸ் சாதிக்கிறார். இவர்களுக்கு நுட்பமும் தெரியாது, பொய் வேறு. தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பழைய கம்பனி இரண்டு மடங்கு சம்பளத்துக்குத் திரும்பக் கூப்பிடுகிறது. அண்ணா ஆஸ்திரேலியாவுக்கு வரச் சொல்கிறார். இந்த வேலையில் நிற்பதா, போவதா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்களைப் போன்றவர்களின் வேலையைப் பற்றித் தமிழில் ஏன் கதைகள் இல்லை? நான் வாசிக்க வேண்டிய புத்தகங்களையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்பின் மகள்,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் என் மேசையில் ஒரு மைக்ரோமீட்டர் இருந்தது. அப்பாவுடையது. போன கிழமை அவருடைய ஆண்டுத் திவசம். ஒவ்வொரு வருடமும் அந்தக் கிழமையில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, பழைய பருத்தித் துணியால் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, திருகிப் பார்த்துவிட்டு வைப்பேன். அப்பா கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பட்டறையில் 26 வருடம் லேத் வேலை செய்தவர். அந்த நினைப்பிலேயே இருந்ததால்தான், வந்து கிடக்கும் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் சிறிய விஷயங்கள். சொந்தக்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விளங்க வேண்டும் என்று கேட்பவருக்குச் சொல்லலாம். இது அந்தக் கேள்வி இல்லை, விட்டுவிடுங்கள். புத்தகப் பட்டியல் நான் யாருக்கும் தருவதில்லை. நூலகத்துக்குப் போய் அலுமாரிக்கு முன்னால் நின்று, கைக்கு வருவதைப் பிரித்துப் பாருங்கள். இந்த வேலையைப் பற்றித் தமிழில் ஏன் கதை இல்லை என்று கேட்கிறீர்கள். எழுதக்கூடியவர் பட்டறைக்குள் கால் வைக்காமல் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் கதை எங்கிருந்து வரும்?

கட்டுரையில் பெயர் இல்லாமல் போனது சிறிய விஷயம் இல்லை. அது அநியாயம். ஆனால் நீங்கள் போய்க் கேட்டீர்களா? கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், கேட்டதாக எங்கும் இல்லை. அடுத்த கட்டுரை எழுதத் தொடங்கும்போதே பேராசிரியரிடம் நேரே போய், கலத்தைப் பற்றிய பகுதியை நான் எழுதித் தருகிறேன், என் பெயரையும் போடுங்கள் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து அழுவதில் பிரயோசனம் இல்லை. 1798இல் ஹென்றி கவெண்டிஷ் பூமியின் அடர்த்தியை அளந்து கட்டுரை எழுதினார். அந்த முறையைக் கண்டுபிடித்துக் கருவியையும் செய்தவர் ஜோன் மிச்செல் என்ற பாதிரியார். அதை வைத்து ஒரு தரம்கூட அளக்காமல் 1793இல் இறந்துபோனார். கவெண்டிஷ் கட்டுரையைத் தொடங்குவதே மிச்செலின் பெயரைச் சொல்லித்தான். அப்படிச் சொல்லியும் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்தது கவெண்டிஷ் பரிசோதனை என்றுதான். சொல்லியே இந்தக் கதி என்றால், கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சரி, இனி என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். ‘இவர்களுக்கு நுட்பமும் தெரியாது, பொய் வேறு.’ இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களுக்கு உயர்தரத்திலேயே படிப்பித்த கணக்குத்தான் இது. அலுமினியம் ஒரு பாகை சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரோன், அதாவது 0.023 மி.மீ., நீளும். உருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோன். மருதானையில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியான நேரத்தில் 32 பாகை என்று வைப்போம். உங்கள் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க ஏசி ஓடும், அங்கே 22. வித்தியாசம் 10 பாகை. 400 மி.மீ. தட்டு அந்த 10 பாகைக்கு 0.092 மி.மீ. சுருங்கும். பாஸுடைய வெர்னியரும் அதே சூட்டில் நீண்டுதானே இருக்கும் என்று கேட்பீர்கள். ஆமாம், அது உருக்கு, 0.048 நீண்டிருக்கும். அதைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 0.044. நீங்கள் பொய் என்று எழுதிய 0.05க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

கடைந்து இறக்கிய சூடு ஆறுவதற்கு முன் அளந்திருந்தால் இன்னும் கூடும். அந்த மனிதர் அளந்தார். சரியாக அளந்தார். அவர் அளந்தபோது அது சரியான அளவில்தான் இருந்தது. நீளத்தை 20 பாகையில் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட நியமம். அது தெரிய வேண்டியவர் நீங்கள். உங்கள் படத்தின் மூலையில் எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினீர்களா? தட்டை ஒரு இரவு உங்கள் அறையில் வைத்துவிட்டு, அவரையும் கூப்பிட்டு அவருடைய வெர்னியராலேயே அளந்து பார்த்தீர்களா? இரண்டும் செய்யாமல் ஒருவரைப் பொய்யர் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

கவெண்டிஷ் தன் கருவியை ஒரு மூடிய அறைக்குள் வைத்துவிட்டு, தான் அந்த அறைக்குள் போகாமல், சுவரில் துளை போட்டுத் தொலைநோக்கியால் உள்ளே பார்த்தே அளவெடுத்தார். கருவியின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விடக் கொஞ்சம் சூடானாலும் உள்ளே காற்று அசையும், கருவியில் தொங்கும் கோல் திரும்பும் என்ற பயம். 158 கிலோ ஈயக் குண்டைத் தொங்கவிட்டவருக்கு அறையின் சூடுதான் பெரிய எதிரி. உங்கள் துறையில் சமன்பாடு பேசுகிற எல்லோருக்கும் இது தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் நிலத்துக்கு அடியில் 27 கி.மீ. சுற்றளவில் இருக்கும், அணுத்துகள்களை மோதவிடும் பெரிய ஹாட்ரன் மோதுவியிலும் இதே பிரச்சினைதான் வந்தது. அங்கே காந்தங்களை −271 பாகைக்குக் குளிர வைக்கிறார்கள். அந்தக் குளிரில் உலோகம் மீட்டருக்கு ஏறத்தாழ 3 மி.மீ. சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தை வாங்கிக்கொள்ளக் காந்தத்துக்கும் காந்தத்துக்கும் இடையில் நெளிந்து கொடுக்கும் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மெல்லிய உலோக விரல்கள், வழுக்கிக்கொண்டே மின்தொடர்பு விடாமல் பார்த்துக்கொள்ளும். 2007இல் ஒரு பகுதியைக் குளிர வைத்து, திரும்பச் சூடாக்கியபோது சில விரல்கள் மடங்கி, துகள் போக வேண்டிய குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டன. வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. மேசைப்பந்தை விடக் கொஞ்சம் சிறிய பந்து ஒன்றைச் செய்து, அதற்குள் வானொலி அலை அனுப்பும் சிறு கருவியை வைத்து, காற்றால் இழுத்துக் குழாய்க்குள் ஓடவிட்டார்கள். பந்து எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறதோ, அங்கே விரல் மடங்கியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள், மகள். அத்தனை சமன்பாடும் காத்துக்கொண்டு நின்றது, ஒரு தகட்டு விரல் மடங்கியதற்காக. இதைப் படித்த பிறகும் ‘வெறும் படம்’ என்று எழுதுவீர்களா?

இப்போது உங்கள் ±0.01க்கு வருகிறேன். இதை நான் சும்மா விடப்போவதில்லை.

டொலரன்ஸ் என்ற சொல்லுக்கு அப்பா ‘விட்டுக்கொடுப்பு’ என்று சொல்வார். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று படம் போடுகிறவர் கடைகிறவருக்குச் சொல்கிற இடம் அது. அந்தத் தட்டின் வெளி விளிம்பு எதைத் தொடுகிறது? கடிதத்தில் சொன்னபடி அது ஒரு மூடி. மூடியின் வெளி விளிம்பு காற்றை மட்டும்தான் தொடும். 400 என்பது 399 ஆக இருந்தாலும் உங்கள் பரிசோதனைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு ஏன் 0.01? நானே சொல்கிறேன். கணினியில் படத்தின் சட்டத்திலேயே அந்த எண் ஏற்கெனவே இருந்திருக்கும், நீங்கள் அதை மாற்றவில்லை. தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கைக் கேட்டிருக்கிறீர்கள், எதற்கு என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல். பெரும்பாலான பட்டறைகளில் அந்த நீளத்துக்கு இருக்கும் வெர்னியர் 0.02க்குக் கீழே காட்டவே காட்டாது. அளக்க முடியாததைக் கேட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று ஏசுகிறீர்கள். அந்த ஒரு தசமதானத்துக்காக ஒரு மனிதர் அரை நாள், சுரண்டுவதும் அளப்பதும் திரும்பச் சுரண்டுவதுமாக வெந்திருப்பார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. ஓ-ரிங் என்ற ரப்பர் அடைப்பு வளையம் உட்காரும் பள்ளத்தின் ஆழம். 5.33 மி.மீ. தடிப்புள்ள ஓ-ரிங் என்றால் ஏறத்தாழ 4.2 மி.மீ. ஆழம், அதிலே 0.1 கூடினாலும் குறைந்தாலும் அது ஒழுங்காக நசுங்கி அடைத்துக்கொள்ளும். பள்ளத்தின் அடிப்பரப்பில் கீறல் இருக்கக் கூடாது. அதுதான் உயிர். இன்னொன்றும் யோசியுங்கள். உள்ளே காற்றை எடுத்துவிட்டால், 400 மி.மீ. தட்டின் மேல் வெளிக்காற்று ஏறத்தாழ ஒன்றேகால் தொன் பாரத்தோடு உட்காரும். 20 மி.மீ. அலுமினியத் தட்டு அந்தப் பாரத்துக்கு நடுவில் 0.1 மி.மீ. அளவுக்கு வளையும். பம்பைப் போட்டவுடன் தட்டே அவ்வளவு வளையப்போகிறது, நீங்கள் விளிம்பில் 0.05க்குச் சண்டை பிடிக்கிறீர்கள்.

கீறல் என்றதும் எனக்கு 1974 நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்கு 11 வயது. பள்ளி விடுமுறை. கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பட்டறைக்குப் போவேன். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். ஒரு பித்தளைத் துண்டு வேண்டுமென்றால் பழைய கப்பல் சாமான் விற்கிற கடைகளில் நாள்கணக்காகத் தேட வேண்டும். அப்படித் தேடிப் பிடித்த பித்தளையில் அப்பா ஒரு மூடி கடைந்தார். பௌதிகவியல் துறையில் ஒரு இளம் விரிவுரையாளருக்காக. கடைந்து முடித்த பிறகு, அவர் சந்தோஷப்பட வேண்டும் என்று, அடைப்பு வரும் முகத்தை எமரித் தாளால் முகம் பார்க்கிற மாதிரி மினுக்கிக் கொடுத்தார். நானும் ஒரு கை தேய்த்தேன்.

நாலாம் நாள் விரிவுரையாளர் மூடியோடு வந்தார். காற்றுக் கசிகிறது. அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. விரிவுரையாளர் ஏசவில்லை. அப்பாவையும் என்னையும் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூடியைப் போட்டு, பம்பை ஓடவிட்டு, ஊசி எந்த இடத்தில் நின்று மேலே போக மறுக்கிறது என்று காட்டினார். பிறகு பம்பை நிறுத்தி, மூடியைக் கழற்றி, அப்பாவின் பெருவிரல் நகத்தைப் பிடித்து அந்த மினுக்கிய முகத்தின்மேல் மெதுவாக ஓட்டினார். நகம் ஒரு இடத்தில் தடக்கியது. எமரித் தாள் குறுக்காகப் போன இடம். கண்ணுக்குத் தெரியாத கீறல், உள்ளேயிருந்து வெளியே வரைக்கும். காற்றுக்கு அது போதும். லேத் விட்டுப்போகிற கோடுகள் வட்டம் வட்டமாக ஓடும், காற்று அதிலே எவ்வளவு ஓடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வரும். குறுக்கே ஓடுகிற ஒரு கோடு வாசலைத் திறந்துவிடும். அவர் இதைச் சொன்னபோது அப்பா தன் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு அவர் அடைப்பு முகத்தை மினுக்கியதே இல்லை. மினுக்கச் சொல்லி மேலே இருந்து கட்டளை வந்தாலும் மறுத்துவிடுவார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த தடவை அந்த விரிவுரையாளர் புதிய படத்தை எடுத்துக்கொண்டு தானே பட்டறைக்கு வந்தார். எண்ணெய் ஊறிய ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் கேட்ட கேள்வி: ‘இதை எப்படிப் பிடிப்பீங்கள்?’ லேத்தில் பிடிக்க முடியாத ஒன்றைக் கடைய முடியாது, அதுதான் கடைகிறவரின் முதல் கவலை. அப்பா சோக்கட்டியை எடுத்துச் சீமெந்து நிலத்தில் வரைந்தார். பக்கத்து லேத்தில் நின்ற சிங்கள பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குந்தியிருந்து, அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார். விரிவுரையாளர் அதை அழித்து வேறொன்று போட்டார். மூவருக்கும் ஒரு மொழி முழுதாக வராது. அரை மணித்தியாலத்தில் நிலம் முழுக்க வெள்ளை. கடைசியில் விரிவுரையாளர் தன் படத்தில் 10 மி.மீ. நீளத்தைக் கூட்டினார். பிடிப்பதற்கு. கடைந்து முடிந்ததும் வெட்டி எறிந்துவிடலாம். அந்த 10 மி.மீ. எந்தப் பாடப்புத்தகத்திலும் அவருக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் தட்டை அந்த மருதானை பாஸ் எப்படிப் பிடித்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? லேத்தில் சாமானைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகளால் வெளி விளிம்பில் பிடித்தால் விளிம்பைக் கடைய முடியாது. ஒரு பக்கம் முடித்துவிட்டுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் மையம் கொஞ்சமாவது விலகும். இறுக்கிப் பிடித்தால் மெல்லிய தட்டு வளையும், கழற்றியதும் நிமிரும், கடைந்த முகம் சமதளமாக இருக்காது. அடைப்பு வட்டத்துக்கு வெளியே நாலு துளை விட்டிருந்தால் லேத்தின் முகத்தட்டில் மரையாணியால் பூட்டி, பள்ளத்தை ஒரே பிடியில் கடைந்திருப்பார். அந்த நாலு துளையால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

படம் என்பது ஒருவருக்கு எழுதுகிற கடிதம். எனக்கு எழுதும்போது ‘அன்பின் ஐயா’ என்று தொடங்கினீர்கள், விளங்கும்படி ஒழுங்காக எழுதினீர்கள். உங்கள் கலத்தைத் தன் கையால் செய்கிற மனிதருக்குத் தொலைபேசியில் ஒரு படத்தைத் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். அவருடைய பட்டறையில் என்ன லேத் இருக்கிறது, அது எவ்வளவு பழையது, அவருக்கு எது வரும் எது வராது, ஒன்றும் தெரியாமல். சிங்களம் சரளமாக வராது என்று காரணம் சொல்லாதீர்கள். சோக்கட்டி விற்கிறது.

1983 ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீடு எரிந்தது. உடுத்த உடுப்போடு வெளியே வந்து, ஒரு பாடசாலை வகுப்பறையில் மற்றக் குடும்பங்களோடு கிடந்தோம். ஒன்பதாம் நாள் அந்தச் சிங்கள பாஸ் தேடிக்கொண்டு வந்தார். கையில் துணியில் சுற்றிய சிறு பொட்டலம். அப்பாவின் மைக்ரோமீட்டர். கலவரம் தொடங்கிய அன்றே பட்டறையில் அப்பாவின் லாச்சியைத் திறந்து எடுத்து, தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்திருக்கிறார். அரிசிக்குள் வைத்தால் ஈரம் பிடிக்காது, துரு ஏறாது. அந்த நேரத்திலும் அந்த மனிதர் துருவைப் பற்றி யோசித்திருக்கிறார். அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. மைக்ரோமீட்டரை மெதுவாகத் திருகி, முழுக்க மூடி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூச்சியம் பார்த்தார். இருந்தது. மற்றவருக்கும் காட்டினார். அவரும் குனிந்து பார்த்து, ஹரி, சரியாக இருக்கிறது, என்றார். அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

அதனால்தான் ‘இவர்களுக்கு’ என்ற உங்கள் சொல் எனக்கு அப்படிக் குத்தியது. கொழும்பில் பௌதிகவியல் என்றால் பழைய ஆட்களுக்குப் பேராசிரியர் மயில்வாகனத்தின் பெயர் நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும். அவர் காலத்து ஆய்வுகூடங்களுக்குக் கருவி கடைந்து கொடுத்த ஒருவரின் பெயராவது எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? நான் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பெயர் நன்றி வரியில்கூட வரவில்லை என்று உங்களுக்கு நோகிறது. அந்த மருதானை பாஸுக்கு அதுவும் வராது. அடுத்த கட்டுரைக்கு உங்கள் பெயரைக் கேட்கும்போது அவருடைய பெயரையும் கேட்டு எழுதுங்கள். முழுப் பெயர்.

இனி வேலை. உங்கள் சட்டத்தை இறுக்குகிற மரையாணிகளைப் பாருங்கள். அடி மூடிய துளைக்குள் மரையாணியை முறுக்கினால் அடியில் கொஞ்சம் காற்று சிறைப்படும். அது மரைப்புரி வழியாக நாள்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். பம்ப் ஓடிக்கொண்டேயிருக்கும், உள்ளே அமுக்கம் இறங்காது. வெளியிலிருந்து ஹீலியம் அடித்துத் தேடினால் எங்கும் ஓட்டை அகப்படாது, ஏனென்றால் ஓட்டை உள்ளேயே இருக்கிறது. இப்படித் தேடி மூன்று மாதத்தை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். மரையாணியின் நடுவே நெடுக ஒரு சின்னத் துளை போட்டால் தீர்ந்தது. போட்டிருக்கிறீர்களா என்று கடிதத்திலிருந்து தெரியவில்லை. இல்லையென்றால் படத்தைத் திருத்துங்கள், அந்தத் துளையைப் போடவும் ஒரு பாஸிடம்தான் போக வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை போங்கள். காலையில் ஒன்பது மணிக்குள், வெயில் ஏறுவதற்கு முன். ஒரு குடையும் எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்காலம். திருப்பி அனுப்பிய தட்டை உங்கள் கையாலேயே திரும்ப வாங்குங்கள். முதல் பேச்சாக மன்னிப்புக் கேளுங்கள். கணக்கை அவருக்குச் சொல்லுங்கள், 10 பாகை, 400 மி.மீ., 0.044. அவருக்கு விளங்கும். ஏசி அறைக்குக் கொண்டுபோனால் சாமான் சுருங்கும் என்று உங்களை விட முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும், கேட்க ஆளில்லாததால் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தால் மறுக்காமல் குடியுங்கள். பிறகு அடுத்த படத்தை விரித்து, எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் லேத்தைப் போட்டதும் பக்கத்தில் நில்லுங்கள். அலுமினியச் சுருள் எப்படிக் கழன்று வருகிறது, அந்தச் சத்தம் எப்போது மாறுகிறது, சத்தம் மாறியதும் அவர் கை எதைச் செய்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் போதாது.

நிற்பதா போவதா என்று கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியா எங்கும் ஓடிவிடாது, சம்பளமும் பிறகு வரும். கலத்தை முடியுங்கள். பம்ப் ஓடி, அமுக்கம் இறங்கி, இரவு முழுக்க அப்படியே நிற்கிற நாளில் திரும்ப எழுதுங்கள், அப்போது பேசலாம்.

மைக்ரோமீட்டர் 0 முதல் 25 மி.மீ. வரைதான் அளக்கும். உங்கள் தட்டுக்கு உதவாது. கலத்துக்குள் வைக்கிற சின்ன இடைத்துண்டுகளுக்கு உதவும். வேலை முடியும் வரைக்கும் வைத்திருக்கலாம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். ஏசி அறையில் வைத்தால் ஒரு மணித்தியாலமாவது விட்டுவிட்டு அளவெடுங்கள். அளக்க முதல் முழுக்க மூடி, பூச்சியம் பாருங்கள்.